வட்டியைக் கட்டுவது யார்?

2022 இன் கடைசி மாதங்களில் இலங்கை வங்கிகள் ஒரு வருட நிலையான வைப்புக்கு 20 சதவீதத்துக்கும் மேல் வட்டி கொடுத்தன. இரண்டு வருடத்துக்குள் அது 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தின் பண்டத்தரிப்பு, சில்லாலை, மாதகல் பக்கத்தில் வைப்பு வட்டியை வைத்தே மாதச் செலவைச் சமாளிக்கும் வீடுகள் உண்டு: இளைப்பாறிய ஆசிரியர்கள், கனடாவிலும் சுவிஸிலும் இருக்கும் பிள்ளைகள் அனுப்பிய காசை வைப்பில் போட்ட பெற்றோர். வட்டி பாதியாகிப்போன வேளையில், 'டொலரில் வைப்பு, வருடம் முழுக்க ஒரே வட்டி, வங்கியே வேண்டாம்' என்ற விளம்பரம் கைபேசிக்கு வந்தால் கண் அங்கே போகத்தான் செய்யும். இப்படிச் சொல்லும் இணையத் தளங்களில் கலப்படமில்லாத மோசடிகளும் உண்டு, உண்மையாகவே கடன் கொடுத்து வாங்கும் தளங்களும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய முதலில் கேட்க வேண்டியது, அந்த வட்டியை யார், எதற்காகக் கட்டுகிறார் என்பதுதான்.

பரவலாக்கப்பட்ட நிதி, சுருக்கமாக டீஃபை, என்பது வங்கியும் முகாமையாளரும் இல்லாத கொடுக்கல் வாங்கல். பிளொக்செயின் என்ற பொதுப் பேரேட்டில் எழுதி வைத்த நிரல் காசை வாங்குகிறது, கடன் கொடுக்கிறது, வட்டியைப் பிரிக்கிறது. கடன்காரர் யாரென்று அதற்குத் தெரியாது. ஆகவே ஆளை நம்பாமல் ஈட்டை நம்புகிறது. ஆவே போன்ற தளத்தில் கடன் எடுப்பவர், எடுக்கும் தொகையைவிடக் கூடிய பெறுமதியான, எத்தீரியம் போன்ற கிரிப்டோ நாணயத்தை ஈடு வைக்க வேண்டும். ஈட்டின் விலை குறித்த எல்லைக்குக் கீழே போனால் நிரலின் விதிப்படி ஈடு விற்பனையாகிக் கடன் அடைக்கப்படும். யாழ்ப்பாணத்தாருக்கு இதில் புதுமை அதிகம் இல்லை. 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலேயே ஒற்றி இருக்கிறது: காசு கொடுத்தவர் காணியைப் பொறுப்பெடுத்து, வட்டிக்குப் பதில் அதன் விளைச்சலை அனுபவிப்பார். மழை பொய்த்தால் அவருக்கும் குறைவுதான். காணி தராததை எந்த உறுதியும் தந்துவிடாது.

டீஃபையிலும் அதே நியாயம்தான். ஆவேயில் வைப்பாளருக்குக் கிடைக்கும் வட்டி, கிடக்கும் காசில் எவ்வளவு கடனாகப் போயிருக்கிறது என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். கிரிப்டோ விலைகள் ஏறும் காலத்தில் கடன் வாங்கிச் சூதாட ஆள் நிறைய. அப்போது வட்டி உயரும். சந்தை படுத்தால் கடன் கேட்க ஆளில்லை, வட்டியும் விழும். இந்த ஏற்ற இறக்கத்தை மட்டுப்படுத்தச் சில தளங்கள் வழி தேடின. பெண்டில் என்ற தளம் முதலையும் வரப்போகும் வட்டியையும் இரண்டு துண்டாக வெட்டி விற்கிறது: நிலையான வருமானம் வேண்டுபவர் முதலைக் கழிவு விலையில் வாங்கித் தவணை வரை வைத்திருக்கலாம், ஆபத்தை விரும்புபவர் வட்டித் துண்டை வாங்கலாம். மேக்கர்டாவோ என்ற தளம் தன் கையிருப்பில் ஒரு பகுதியை அமெரிக்க அரசின் திறைசேரி உண்டியல்களில் போட்டு அந்த வருமானத்தைப் பங்கிட்டது. இவை நேர்மையான முயற்சிகள். ஆனால் பெண்டில் ஆபத்தை இல்லாமல் செய்யவில்லை, இன்னொருவர் தலைக்கு மாற்றியது. அதுவும் குறித்த தவணைக்கு மட்டும். திறைசேரி உண்டியலின் வட்டியோ 2021 இல் பூச்சியத்தோடு ஒட்டிக் கிடந்து 2023 இல் 5 சதவீதத்தைத் தாண்டியது. மேக்கர்டாவோ 2023 ஓகஸ்டில் தன் சேமிப்பு வட்டியை 8 சதவீதமாக உயர்த்தி, அதே மாதத்திலேயே 5 ஆகக் குறைத்தது. நேர்மையாக நடப்பவர்களால் ஒரே வட்டியை நீண்ட காலத்துக்குக் கொடுக்க முடியவில்லை.

கொடுக்கிறேன் என்று சொன்ன தளத்தின் கதை வேறு. 2021 மார்ச்சில் தொடங்கிய ஆங்கர், டெரா வலையமைப்பின் யூஎஸ்டி (UST) என்ற 'டொலர்' நாணயத்துக்கு வருடம் 20 சதவீதத்தை ஒட்டிய மாறாத வட்டி அறிவித்தது. 2022 மே தொடக்கத்தில் அங்கே கிடந்த வைப்பு ஏறத்தாழ 1,400 கோடி டொலர். கடனாகப் போயிருந்தது ஏறத்தாழ 300 கோடி. கணக்கைப் போட்டுப் பாருங்கள். வைப்பாளருக்கு வருடம் 270 கோடிக்கு மேல் வட்டி வேண்டும். அதைக் கடன்காரரிடமே அறவிடுவதென்றால் அவர்கள் 90 சதவீத வட்டி கட்ட வேண்டும். ஈடாக வைத்த நாணயங்களிலிருந்தும் கொஞ்சம் வருமானம் வந்தது; அதைச் சேர்த்தும் கணக்கு நேராகவில்லை. துண்டு விழுந்த தொகை சேமக் கையிருப்பிலிருந்து போனது. அந்தக் கையிருப்பு வற்றியபோது, 2022 பெப்ரவரியில் டெராவைச் சேர்ந்த நிதியம் 45 கோடி டொலர் ஊற்றியது. மே மாதத்தில் யூஎஸ்டி ஒரு டொலரிலிருந்து நழுவி, சில நாட்களில் சதக் கணக்குக்கு வந்தது. அதைத் தாங்க வேண்டிய லூனா நாணயமும் கூடவே மடிந்தது. போன சந்தைப் பெறுமதி 4,000 கோடி டொலர் அளவு.

டீஃபையை ஆதரிப்பவர்கள் ஒன்று சொல்வார்கள்: எல்லாம் பேரேட்டில் திறந்து கிடக்கிறது, ஒளித்து வைத்து ஏமாற்ற இடமில்லை. பாதி உண்மை. ஆங்கரின் கையிருப்பு வற்றுவதையும் யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். பார்த்தும் வைப்புப் பெருகியது. ஓட்டையைக் காட்டுவது ஓட்டையை அடைப்பதாகாது. நிரல் பிழையின்றி ஓடினாலும் நட்டம் வரும். 2020 மார்ச் 12 இல் எத்தீரியம் ஒரே நாளில் சரிந்தபோது, மேக்கர்டாவோவின் ஈட்டு ஏலங்களில் போட்டிக்கு ஆளில்லாமல் 80 லட்சம் டொலருக்கும் கூடிய ஈடு கிட்டத்தட்ட இலவசமாகப் போனது. நிரல் சொன்னபடியேதான் செய்தது.

இதைவிடக் கனமான மறுப்பு நம் நாட்டிலிருந்தே வரும். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ஐத் தாண்டியது. செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. ரூபாவில் வைப்பு வைத்தவர் முதலின் பெறுமதியில் கிட்டத்தட்டப் பாதியை இழந்தார். இது மட்டும் பாதுகாப்பா? நியாயமான கேள்வி. ஆனால் டொலரில் இருந்திருந்தால் தப்பியிருக்கலாம் என்பது டொலருக்கான வாதம், டீஃபை வட்டிக்கான வாதமல்ல. யூஎஸ்டியும் டொலர் என்று சொல்லித்தான் விற்கப்பட்டது. நிதி நிறுவனங்களும் இங்கே கவிழ்ந்திருக்கின்றன. 2020 இல் த ஃபினான்ஸின் உரிமம் இரத்தானது, ஈடிஐயின் தொழில் இடைநிறுத்தப்பட்டது. ஆனால் உரிமம் பெற்றவை என்பதால் வைப்பாளருக்குக் காப்புறுதியாக 6 லட்சம் ரூபா வரை கிடைக்க வழி இருந்தது. அந்த எல்லை பிறகு 11 லட்சமானது. 2008 இல் விழுந்த கோல்டன் கீ கடனட்டைக் கொம்பனிக்கு அப்படி உரிமம் இருக்கவில்லை. உயர்ந்த வட்டியை நம்பி அங்கே போட்டவர்கள் வருடக்கணக்கில் நீதிமன்றப் படியேறினார்கள்.

டீஃபையில் ஏறப் படியும் இல்லை. கிரிப்டோ நாணயத் தொழிலுக்கு எவருக்கும் உரிமம் கொடுக்கவில்லை என்றும், அதை வாங்க வங்கி அட்டைகளைப் பாவிக்க அனுமதி இல்லை என்றும் இலங்கை மத்திய வங்கி அறிவித்திருக்கிறது. வெளிநாட்டில் இருந்தபடி இதில் ஈடுபடுபவர்களுக்கும் கணக்கு ஒன்றுதான்: ஏறி இறங்கும் வட்டியைக் காட்டும் தளம் குறைந்தது உண்மையைச் சொல்கிறது, வருடக்கணக்கில் மாறாத உயர்ந்த வட்டியைச் சொல்லும் தளம், அதைக் கட்டப்போகிறவரைக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால், உங்களுக்குப் பின்னால் வரும் வைப்பாளரின் முதல்தான் உங்கள் வட்டி. காணி விற்ற காசையோ இளைப்பாறிய பணத்தையோ அங்கே போடாதீர்கள்.