மடிக்கணினியின் மின்கலம் ஏன் விரைவில் தீர்கிறது? லினக்ஸில் அதை எப்படிக் காப்பது?

மடிக்கணினியில் மின்சாரத்தை அதிகம் செலவிடுபவை திரையும் செயலியும். செயலி இயங்கும்போது செலவாகும் மின்திறன் அதன் துடிப்பு வேகத்துக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் ஏற்ப உயர்கிறது. வேகத்தைக் குறைத்தால் குறைந்த மின்னழுத்தமே போதும். ஆகவே இரு வழியிலும் மின்சாரம் மிச்சமாகிறது.

இந்தக் கட்டுப்பாட்டை இயங்குதளத்தின் கையில் கொடுத்தது, 1996இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா நிறுவனங்கள் வெளியிட்ட ஏசிபிஐ தரம். லினக்ஸும் அதைப் பின்பற்றுகிறது. தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த பாஸ் லினக்ஸ், டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. ஆகவே டெபியன் வகைகளுக்கான பின்வரும் வழிமுறைகள் அதற்கும் பெரிதும் பொருந்தும்.

முதல் படி, திரையின் ஒளியைக் குறைப்பது. அடுத்து, டிஎல்பி என்னும் மென்பொருளை நிறுவலாம். மின்கலத்தில் இயங்கும்போது செயலி, வைஃபை, வட்டு, யுஎஸ்பி ஆகியவற்றை அது தானாகவே சிக்கன நிலைக்கு மாற்றும்.

மூடியை மூடும்போது நிகழ வேண்டியதை லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் அமைப்புக் கோப்பில் குறிப்பிடலாம். 'உறக்கம்' நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் தரும்; கணினி நொடிகளில் விழிக்கும். 'ஆழ்துயில்' நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு முழுவதும் அணையும். அதற்கு வட்டில் போதிய ஸ்வாப் இடம், அதாவது நினைவகத்துக்குத் துணையாக ஒதுக்கும் பகுதி, வேண்டும்.

லித்தியம் மின்கலம் முழு மின்னேற்றத்திலும் வெப்பத்திலும் நெடுநேரம் இருந்தால் விரைவில் தேயும். மலேசியாவின் புக்கிட் செந்தோசா போல ஆண்டு முழுதும் வெப்பமான ஊர்களில் இது முக்கியம். வன்பொருள் இடம் தந்தால், மின்னேற்றம் 80 சதவீதத்தில் நிற்கும்படி டிஎல்பியில் வரம்பு வைப்பது நல்லது.