சந்தேகமும் வேண்டும், சரிபார்ப்பும் வேண்டும்

கோர்படியில் வசிக்கும், ரயில்வேயில் ஓய்வு பெற்ற தமிழன்பர் ஒருவர் நம்மிடம் குறைப்பட்டுக்கொண்டார். கல்லூரியில் படிக்கும் பேத்தி, புவி வெப்பத்தைத் தடுக்கக் கோரும் ஊர்வலத்துக்குப் போக வேண்டும் என்கிறாளாம். "கரி எஞ்சின் புகையிலேயே வாழ்ந்தவர்கள் நாங்கள். உலகம் அழியப் போகிறது என்பதெல்லாம் அரசியல், சார்!" என்பது அவர் கட்சி.

அவருடைய சந்தேகத்தை அடியோடு தள்ளிவிடுவதற்கில்லை. அதற்கு இடம் கொடுத்த சம்பவம் நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது.

ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2007ஆம் ஆண்டு அறிக்கையில், இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துபோக மிகுந்த வாய்ப்பு உண்டு என்று எழுதியது. அதே ஆண்டில் அக்குழுவுக்கு நோபல் அமைதிப் பரிசில் பங்கும் கிடைத்தது. 2009 நவம்பரில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முன்னாள் அதிகாரி வி.கே. ரெய்னாவின் அறிக்கையை மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் வெளியிட்டார். பனியாறுகள் அசாதாரணமாகச் சுருங்கவில்லை என்றது அது. குழுத் தலைவர் ஆர்.கே. பச்சௌரி அதைப் பில்லி சூனிய விஞ்ஞானம் என்று ஏளனம் செய்தார். ஆனால் 2010 ஜனவரியில் குழுவே வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. 2035 என்ற கணக்கு ஆராய்ச்சி ஏட்டிலிருந்து வந்ததல்ல. ஒரு தொண்டு நிறுவனத்தின் அறிக்கையிலிருந்து எடுத்தது. அதற்கு மூலமோ, 1999ல் ஒரு பத்திரிகையில் வந்த செய்தி!

"பார்த்தீர்களா, எல்லாம் பொய்!" என்பவர்கள் மறுபாதியை மறந்துவிடுகிறார்கள். பிழையை எடுத்துக்காட்டியவர்களும் பனியாறுகளை ஆராயும் விஞ்ஞானிகளே. காத்மாண்டுவிலுள்ள மலைநாட்டு ஆய்வு மையம் 2019ல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. வெப்ப உயர்வை 1.5 டிகிரியில் நிறுத்தினாலும், இந்துகுஷ் - இமயமலைப் பனியாறுகளில் மூன்றில் ஒரு பங்கு 2100க்குள் போய்விடும் என்கிறது அது. தேதிதான் தவறு, உருகுவது பொய்யல்ல.

அரசியல் இல்லையா என்றால், உண்டு. 1991ல் டில்லியைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் அதை அம்பலப்படுத்தினார்கள். ஏழையின் நெல்வயலில் எழும் மீதேனையும் பணக்கார நாட்டுக் காரின் புகையையும் ஒரே தராசில் வைப்பதா என்று கேட்டார்கள். தஞ்சாவூர் விவசாயிக்கும் புரியும் நியாயம் இது. ஆண்டுக்கு ஓர் இந்தியர் கணக்கில் சுமார் 2 டன் கரியமில வாயு. ஓர் அமெரிக்கர் கணக்கில் சுமார் 14 டன். அவர்கள் கேட்டது பழியில் நியாயமான பங்கீடு. வெப்பம் ஏறுவதை அவர்கள் மறுக்கவில்லை.

உள்ளூர் அரசியலும் உண்டு. 2019 செப்டம்பர் 25 இரவு புனேயில் அம்பில் ஓடை பெருகி உயிர்கள் பலியாயின. மழை கனமழைதான். ஆனால் ஓடையை நெருக்கிய ஆக்கிரமிப்புகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்லவே! பருவநிலையின் பெயரைச் சொல்லி, பொறுப்பிலுள்ளவர்கள் கைகழுவ விடக் கூடாது.

ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, ஓசையை வைத்தே விரிசலைக் கண்டுபிடிப்பது நம் அன்பருக்குத் தெரிந்த வேலை. ஒரு சக்கரம் பழுது என்பதற்காக ரயில் ஓட்டத்தையே கைவிடுவதில்லை. தட்டிப் பார்க்காமல் அனுப்புவதும் இல்லை. பேத்தி ஊர்வலத்துக்குப் போகட்டும். புறப்படுமுன், கையிலுள்ள அட்டையில் எழுதிய கணக்கு எங்கிருந்து வந்தது என்று தாத்தா கேட்கட்டும்.