மாகன் டெல்ராகிம்

மாகன் டெல்ராகிம் (பிறப்பு: 1969, தெகுரான்) ஓர் அமெரிக்க வழக்கறிஞர் ஆவார். 2017 முதல் 2021 வரை ஐக்கிய அமெரிக்க நீதித்துறையின் ஏகபோகத் தடுப்புப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். ஒரே சட்டத்துறையில் அரசின் பக்கமும் பெருநிறுவனங்களின் பக்கமும் மாறி மாறிப் பணியாற்றியமையால் இவரது பணிவாழ்வு பெரிதும் விவாதிக்கப்பட்டது.

சட்டப் பின்னணி

ஒரு நிறுவனம் சந்தையை முறையற்ற வழியில் தன் பிடிக்குள் கொண்டுவருவதை 1890 ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டம் தடுக்கிறது. போட்டியைக் குறைக்கக்கூடிய நிறுவன இணைப்புகளை 1914 ஆம் ஆண்டின் கிளேட்டன் சட்டம் தடுக்கிறது. ஓர் இணைப்பை எதிர்த்து வழக்குத் தொடர்வதா என்பதை அதிகாரிகளே முடிவு செய்வதால், அவர்களை அணுகித் தம் நிலையை எடுத்துரைக்க நிறுவனங்கள் வழக்கறிஞர்களை அமர்த்துகின்றன. இப்பணி லாபியிங் எனப்படும். முன்னாள் அதிகாரிகளுக்கு இதில் மதிப்பு மிகுதி.

பணிவாழ்வு

டெல்ராகிம் சிறுவயதில் ஈரானிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். 1995 இல் ஜார்ஜ் வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்றார். செனட் அவையின் நீதிக்குழுவில் ஒரின் ஹாட்சின்கீழ் பணியாற்றியபின், 2003 முதல் 2005 வரை ஏகபோகத் தடுப்புப் பிரிவில் துணைப் பொறுப்பு வகித்தார்.

அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் தனியார் சட்ட நிறுவனத்தில் கழிந்தன. 2007 இல் டபுள்கிளிக் என்ற விளம்பரத் தொழில்நுட்ப நிறுவனத்தைக் கூகுள் 310 கோடி டாலருக்கு வாங்க முற்பட்டபோது, கூகுள் சார்பாக அரசிடம் வாதாடியவர்களுள் இவரும் ஒருவர். கூட்டரசு வணிக ஆணையம் அவ்வாண்டு டிசம்பரில் 4-1 என்ற வாக்கில் அதனை அனுமதித்தது. பின்னர் சிக்னாவை வாங்க முயன்ற ஆந்தம் காப்புறுதி நிறுவனத்துக்காகவும் உழைத்தார். அவ்விணைப்பை 2017 இல் நீதிமன்றம் தடுத்துவிட்டது.

தலைமைப் பொறுப்பு

2017 செப்டம்பரில் செனட் அவை 73-21 என்ற வாக்கில் இவரது நியமனத்தை உறுதி செய்தது. இரண்டு மாதங்களில் ஏடி அண்ட் டி - டைம் வார்னர் இணைப்பை எதிர்த்து இவரது பிரிவு வழக்குத் தொடுத்தது. பதவிக்கு வருமுன் 2016 இல் அதே இணைப்பைப் பெரிய சிக்கலாகக் கருதவில்லை என இவர் தொலைக்காட்சியில் கூறியிருந்ததால் இது வியப்பளித்தது. 2018 இல் வழக்கு தோற்றது; 2019 மேன்முறையீடும் பயனளிக்கவில்லை. (ஏடி அண்ட் டி 2022 இல் தானாகவே அந்நிறுவனத்தைப் பிரித்துவிட்டது.)

கூகுள் மீதான விசாரணை தொடங்கியபோது பழைய தொடர்பு முன்வந்தது. இவர் விலகி நிற்க வேண்டும் என்று செனட் உறுப்பினர் எலிசபெத் வாரன் 2019 சூனில் கோரினார். 2020 பெப்ரவரியில் டெல்ராகிம் விலகினார். எனவே, அவ்வாண்டு அக்டோபர் 20 அன்று கூகுள் தேடுபொறி மீது தொடுக்கப்பட்ட வழக்கு, அப்பிரிவின் அக்காலத்திய மிகப் பெரிய வழக்காயினும், தலைவரின் பங்கின்றியே தாக்கலானது. அதில் 2024 ஆகத்தில் கூகுளுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது.

2023 இல் தொடுக்கப்பட்ட மற்றொரு வழக்கில், விளம்பரத் தொழில்நுட்பச் சந்தைகள் இரண்டில் கூகுள் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகம் கொண்டுள்ளதாக 2025 ஏப்ரலில் தீர்ப்பளிக்கப்பட்டது. ஆயினும் டபுள்கிளிக்கை வாங்கியமையே போட்டிக்கு எதிரானது என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. டெல்ராகிம் 2021 சனவரியில் பதவி விலகி, அவ்வாண்டே மீண்டும் தனியார் சட்ட நிறுவனமொன்றில் சேர்ந்திருந்தார்.