புல்தான் குதிரைக்குச் சோறு

பாண்டிய நாட்டுக் கரையில் அரபுக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய காலம் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்த மார்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கப்படும் குதிரைகளில் பெரும்பாலானவை வருடம் முடிவதற்குள் செத்துப்போவதாக எழுதினார். பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை, இறைச்சி சேர்த்துச் சமைத்த சோற்றைப் போடுகிறார்கள் என்று காரணமும் சொன்னார். சில ஆண்டுகள் கழித்து எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் வறுத்த பார்லி, வெண்ணெயில் பக்குவம் செய்த தானியம், காய்ச்சிய பசும்பால் என்று ஒரு பட்டியல் தருகிறார். அப்போது ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார்.

அந்தக் குதிரைகளைக் கொல்ல வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. அருமையான விருந்தாளிக்குத் தங்களிடம் இருந்ததில் உயர்ந்ததைப் படைத்தார்கள், அவ்வளவுதான். மீந்த சோற்றையும் பொங்கலையும் ரொட்டியையும் பாசத்தோடு குதிரைக்கு நீட்டுகிற இன்றைய கையும் அதே தவறைத்தான் செய்கிறது. மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் குதிரையோ மட்டக்குதிரையோ வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் பாடம் இது: குதிரைக்குச் சோறு என்றால் புல்தான்.

சின்ன வயிறு, பெரிய குடல்

மாடு இரைப்பையை நிரப்பிக்கொண்டு படுத்து அசைபோடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. அதன் இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். புல்லின் நாரைச் செரிப்பது பின்னால் இருக்கும் பெருங்குடலும் அங்கே வாழும் நுண்ணுயிரிகளும். அதனால்தான் திறந்த வெளியில் விட்டால் குதிரை ஒரு நாளில் 16 மணி நேரம்கூட மேய்ந்துகொண்டே இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, ஓயாமல் தின்பதற்கென்றே அமைந்த உடம்பு அது.

சோறும் தானியமும் ஒரே வேளையில் அதிகமாகப் போனால், செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்கு இறங்கிப் புளிக்கிறது. நல்ல நுண்ணுயிரிகள் செத்து, அமிலம் பெருகி, வயிறு உப்புகிறது. சில நேரம் குளம்புக்குள் அழற்சி வந்து குதிரை நிற்கவே முடியாமல் போகிறது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தப்பாக உள்ளே போனதை வெளியே தள்ள அதற்கு வழியே இல்லை.

எவ்வளவு போடலாம்?

குதிரையின் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு 2 பங்கு உலர்தீவனம் ஒரு நாளைக்கு வேண்டும். 250 கிலோ மட்டக்குதிரைக்கு 5 கிலோ காய்ந்த புல். பசும்புல் என்றால் அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால் 20 முதல் 25 கிலோ ஆகும். அதை மூன்று நான்கு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். அருகம்புல் மிக நல்லது. பயறுவகைத் தீவனமும் கொஞ்சம் சேர்க்கலாம். அதில் ஒன்றுக்குக் குதிரைமசால் என்றே நம் ஊரில் பெயர். வைக்கோல் வயிற்றை நிரப்புமே தவிர, அதில் சத்து குறைவு. அதையே முழு உணவாக்கக் கூடாது.

வண்டி இழுக்கிற, சவாரி போகிற குதிரைக்கு மட்டும் கொள்ளு கொடுக்கலாம். இரவு ஊறவைத்து, காலையில் நசுங்கும் பதத்துக்கு வேகவைத்து, ஆறிய பிறகு வையுங்கள். பச்சைக் கொள்ளில் புரதத்தைச் செரிக்க விடாத பொருள் இருக்கிறது; வேகவைத்தால் அது போய்விடும். மட்டக்குதிரைக்குத் தானியம் எதுவானாலும் ஒரு வேளைக்கு ஒரு கிலோவைத் தாண்ட வேண்டாம். தவிட்டை அள்ளிப் போடுவதும் நல்லதல்ல. அதில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு. நாளடைவில் எலும்பு பலவீனமாகும். கோழித் தீவனம் பக்கமே குதிரை போகக் கூடாது. அதில் சேர்க்கப்படும் மோனென்சின் போன்ற மருந்து மிகச் சிறிய அளவிலேயே குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். எந்தத் தீவனத்தை மாற்றினாலும் ஏழு முதல் பத்து நாளில் மெல்ல மெல்ல மாற்றுங்கள்.

மணலும் கருவேலங்காயும்

நம் கரையில் தனியாக ஓர் ஆபத்து உண்டு: மணல். தரையில் போட்ட புல்லோடு மணலும் உள்ளே போய்க் குடலின் அடியில் படிகிறது. இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை இருக்கிறது. தரையில் ஒட்டாத லத்தி உருண்டை ஐந்தாறை எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் கரையுங்கள். கால் மணி நேரம் விட்டு, மேலே மிதக்கும் நாரை மெதுவாகக் கொட்டிவிட்டு, அடியை விரலால் தடவுங்கள். நறநறவென்று மணல் தட்டினால் குதிரை மணலைத் தின்கிறது என்று அர்த்தம். தார்ப்பாய் விரித்தோ தாழ்வான சிமெண்ட் தொட்டியிலோ தீவனம் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ராமநாதபுரம் முழுக்க மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தின் காய் இனிப்பானது. குதிரை விரும்பித் தின்னும். ஆனால் அதிகம் தின்றால் குடலில் அடைத்துக்கொள்ளும். காய் உதிரும் பருவத்தில் அந்த மரத்தடியில் கட்டிப்போடாதீர்கள்.

தண்ணீரும் உப்பும்

ராமேஸ்வரத்துக்கு எதிரே, பாக் நீரிணையின் நடுவே இருக்கும் நெடுந்தீவில், போர்த்துக்கீசியர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வாரிசுகள் இன்றும் பனைகளுக்கு இடையே தாமாக மேய்கின்றன. தானியம் வைப்பார் இல்லாமலே நூற்றாண்டுகளாகப் பிழைத்துவரும் அந்தக் கூட்டம், கடும் கோடையில் குடிநீர் வற்றும்போது செத்து விழுகிறது. பட்டினியை விட தாகம் சீக்கிரம் கொல்லும்.

மட்டக்குதிரைக்கு நாளுக்குக் குறைந்தது 20 லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும். வெயிலில் உழைத்தால் இரு மடங்கும் குடிக்கும். கிணற்று நீர் உப்புக் கரித்தால் குதிரை தேவையான அளவு குடிக்காது; நல்ல தண்ணீர் கொண்டுவந்து வையுங்கள். வியர்வையில் போகும் உப்பை ஈடுகட்ட நாளுக்கு 25 கிராம் சாதாரண உப்பு போதும்.

குதிரை தீனியை ஒதுக்கினாலோ, தரையைக் காலால் பறித்தாலோ, அடிக்கடி விலாவைத் திரும்பிப் பார்த்தாலோ, புரண்டு புரண்டு படுத்தாலோ அது வயிற்று வலி. கை மருந்தை வாயில் ஊற்றிக்கொண்டு நேரத்தை வீணாக்காதீர்கள். தீவனத்தை நிறுத்திவிட்டு உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான எண் 1962. அதைக் கொட்டில் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.