மின்காருக்கு வீட்டில் செய்த தொலைக் கருவி: பயன், ஆபத்து, சட்டம், தீர்வு

மின்காரின் பேட்டரி நிலையைத் தொலைவிலிருந்து அறியவும், சார்ஜை நிறுத்தவும், கதவைப் பூட்டவும் ஒரு சிறு கருவியை வீட்டிலேயே செய்துவிடலாம். டாஷ்போர்டின் அடியில் பழுதறிய வைத்திருக்கும் ஓபிடி சாக்கெட், ஈஎஸ்பி32 என்ற சிறு கணினி போர்டு, சிம் மாட்யூல் ஆகியவையே முக்கியத் தேவை. காருக்குள் இருக்கும் கணினிகள், பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய கேன் என்ற தகவல் தடத்தில் பேசிக்கொள்கின்றன. ஒரு செய்தியை அனுப்பியது யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடு அதன் அடிப்படை வடிவில் கிடையாது. ஆகவே அந்தத் தடத்தைக் கேட்க மட்டும் செய்யும் கருவியால் ஆபத்து குறைவு. அதில் கட்டளை அனுப்பும் கருவியால் ஆபத்து மிக அதிகம்.

மலையில் என்ன பயன்?

கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில் உள்ள வத்தலக்குண்டு கடல் மட்டத்திலிருந்து சுமார் 320 மீட்டர் உயரத்தில் உள்ளது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். 1,500 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் 7 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் தேவை. சாலை உராய்வுக்கும் காற்றுத் தடைக்கும் ஆகும் செலவு தனி. இறங்கும்போது மோட்டாரே பிரேக்காகி பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பித் தரும். ஆனால் மலை உச்சியில் பேட்டரியை முழுதும் நிரப்பிவிட்டால், திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமிருக்காது. சாதாரண பிரேக்குகளே முழுச் சுமையையும் தாங்க வேண்டிவரும். 80 சதவீதத்தில் சார்ஜ் நின்றதா என்று அறைக்குள்ளிருந்தே பார்க்க முடிவது அதனால்தான் உண்மையான பயன்.

ஆபத்துகள்

2015-ல் இரண்டு ஆய்வாளர்கள் ஓடிக்கொண்டிருந்த ஜீப் ஒன்றை இணையம் வழியே கட்டுப்படுத்திக் காட்டினர். அதையடுத்து அமெரிக்காவில் 14 லட்சம் வாகனங்கள் திரும்பப் பெறப்பட்டன. 2016-ல் நிசான் லீஃப் மின்காரின் சேசிஸ் எண் தெரிந்தால் போதும், அதன் ஏசியை யாரும் இயக்கலாம் என்பது வெளிப்பட்டு, அந்தக் காருக்கான நிசானின் செயலி நிறுத்திவைக்கப்பட்டது. பெரிய நிறுவனங்களே இப்படித் தவறும்போது, மாற்றப்படாத கடவுச்சொல்லோடு இணையத்தில் திறந்து கிடக்கும் வீட்டுக் கருவி இன்னும் எளிதான இலக்கு.

மலைப்பாதையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். நிறுத்தியிருந்தபோது அனுப்பிய எஸ்எம்எஸ் கட்டளை, கார் கொண்டை ஊசி வளைவில் திரும்பும் நேரத்தில் வந்து சேரலாம். அதனால் ஒவ்வொரு கட்டளையும் ஒரு நிமிடத்தில் காலாவதியாக வேண்டும். கார் நின்று பார்க்கிங் நிலையில் இருந்தால் மட்டுமே செயல்பட வேண்டும். மோட்டார், பிரேக், ஸ்டியரிங் மூன்றையும் தொடவே கூடாது.

எப்போதும் 50 மில்லி ஆம்பியர் இழுக்கும் கருவி, காரில் தனியாக உள்ள, 40 ஆம்பியர் அவர் கொள்ளளவுள்ள 12 வோல்ட் சிறு பேட்டரியை ஏறத்தாழ ஒரு மாதத்தில் காலி செய்துவிடும். பிறகு பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கார் விழிக்காது. ஆரஞ்சு நிற கேபிள்களில் பாய்வது உயிரைப் பறிக்கும் உயர் மின்னழுத்தம். அவற்றின் அருகே கை போகக் கூடாது.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. அனுமதியற்ற மாற்றத்துக்கு 182ஏ பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பிறர் காருக்குள்ளோ நிறுவனத்தின் சர்வருக்குள்ளோ அனுமதியின்றி நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43, 66 பிரிவுகளின்கீழ் வரும். தண்டனை 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாடகைக்கு விடும் காரில் கருவி இருந்தால், எடுப்பவரிடம் அதைச் சொல்லி ஒப்புதல் பெறுவது அவசியம்.

தீர்வுகள்

கருவி பொருத்துமுன் வாரண்டி நிபந்தனையைப் படித்து, காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பிறகு வாரண்டி மறுக்கப்பட்டால், அந்தக் கருவியால்தான் பழுது வந்தது என்பதற்கான காரணத்தை எழுத்தில் கேட்கலாம். பதில் திருப்தி தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். கொடைக்கானலில் வசிப்பவர் இரண்டு ஆண்டுக்குள் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 அவரவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க வழி செய்திருக்கிறது. காப்பீட்டுத் தொகை மறுக்கப்பட்டால், குறைதீர்ப்பாளரான காப்பீட்டு ஓம்புட்ஸ்மனிடம் முறையிடலாம். காரின் செயலிக் கணக்கில் யாராவது ஊடுருவினால், கருவியைப் பிடுங்கி, கடவுச்சொல்லை மாற்றி, அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பணமும் போயிருந்தால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். பழைய மின்காரை வாங்குபவர், முந்தைய உரிமையாளரின் செயலி இணைப்பை நீக்கச் செய்து, ஓபிடி சாக்கெட்டில் ஏதும் செருகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே சாவியை வாங்க வேண்டும்.