சிவப்பு அடிக்காத பம்புசெட்

வங்கதேசக் கிராமங்களில் அடிபம்புகளுக்கு இரண்டு நிறம். பச்சை என்றால் குடிக்கலாம். சிவப்பு என்றால் குடிக்கக்கூடாது. நிலத்தடி நீரில் ஆர்சனிக் இருப்பது தெரிந்த பிறகு, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லட்சக்கணக்கான பம்புகளைச் சோதித்து இப்படி நிறம் பூசினார்கள். உயிர் காத்த வேலை அது. ஆனால் அதே நீரை வயலுக்கு இறைக்கும் பம்புசெட்டுக்கு யார் சிவப்பு அடித்தார்கள்?

போரோ பட்டத்து நெல் மழையில்லாத மாதங்களில் விளைவது. ஜனவரி வாக்கில் நட்டால் அறுவடை வரை குழாய்க்கிணற்று நீர்தான். ஆண்டுக்காண்டு அந்த நீரோடு ஆர்சனிக்கும் மேல்மண்ணில் சேர்கிறது. தண்ணீர் தேங்கிய வயலில் காற்று இறங்காது. மண்ணின் இரும்பு பிடித்து வைத்திருந்த ஆர்சனிக் கரைந்து வேருக்கு எட்டிவிடும். தண்டு உறுதிப்பட நெல் சிலிக்காவை உறிஞ்சும். அந்த வழியாகவே நஞ்சும் உள்ளே போகிறது.

தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் கனிம ஆர்சனிக் வரை இருக்கலாம் என்பது 2014-இல் வகுத்த பன்னாட்டு வரம்பு. நாளுக்கு அரைக்கிலோ அரிசி உண்ணும் கூலித் தொழிலாளியைக் கணக்கில் எடுங்கள். வரம்பைத் தொட்ட அரிசியே அவர் உடலில் 0.1 மில்லிகிராம் சேர்க்கும். குடிநீருக்கான பன்னாட்டு வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதாவது, வரம்பைத் தொட்ட நீரைப் பத்து லிட்டர் குடித்ததற்குச் சமம்! போரோ இல்லாவிட்டால் பட்டினிதான் என்பவர்களின் வாதத்திலும் நியாயம் உண்டு. அதற்காக இந்தக் கணக்கை மறைக்க முடியுமா?

நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்தால் ஆர்சனிக் கணிசமாகக் குறையும். உலைநீர் நல்லதாக இருந்தால்தான் இது பலிக்கும். கெட்ட நீரில் சமைத்தாலோ நெல்லைப் புழுக்கினாலோ நஞ்சு கூடவும் செய்யும். தவிட்டில் அது அதிகம் தங்குவதால், தீட்டாத அரிசி இங்கே கூடுதல் கேடு. வைக்கோலில் மணியைவிடப் பல மடங்கு. அதைத் தின்பவை வீட்டு மாடுகள்.

வயலிலேயே குறைக்க வழி இருக்கிறது. நம் உழவர்கள் சொல்லும் காய்ச்சலும் பாய்ச்சலும்தான்: வயலைக் காயவிட்டுப் பாய்ச்சினால் ஆர்சனிக் அவ்வளவாகக் கரையாது. மண்ணில் காட்மியம் இருந்தால் மட்டும் கவனம் தேவை, காயும்போது அது ஏறும். ஆனால் வங்கதேசத்தில் பல ஊர்களில் பம்புக்காரருக்குப் பருவத்துக்கு இவ்வளவு என்றோ, விளைச்சலில் பங்காகவோதான் கூலி. தண்ணீரை மிச்சப்படுத்தும் விவசாயிக்கு அதனால் ஒரு காசும் மிஞ்சாது. ஈரமும் பதரும் பார்த்து விலை சொல்லும் வியாபாரியும் நஞ்சு குறைந்த நெல்லுக்குக் கூடுதலாக எதுவும் தருவதில்லை.