பதினாறு எழுத்து, ஆறு அசை

மெட்டாசெகோயா கிளிப்டோஸ்ட்ரோபோயிடீஸ். முதல் சொல்லைத் துணிந்து சொல்லிவிடுபவர்கள்கூட இரண்டாவதை முணுமுணுத்தே கடப்பார்கள். இந்தப் பெயருக்குரிய மரத்தின் கதை சுவையானது. 1941இல் ஜப்பானின் ஷிகேரு மிகி, புதைபடிவங்களை மட்டும் வைத்து மெட்டாசெகோயா என்ற பேரினத்தை வகுத்தார். என்றோ அற்றுப்போனது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சில ஆண்டுகளிலேயே அந்த மரம் நடுச்சீனத்தில் உயிரோடு நிற்பது தெரியவந்தது. 1948இல் ஹு சியன்சு, செங் வான்ஜுன் இருவரும் அதற்கு இந்த முழுப்பெயரைச் சூட்டினார்கள்.

இரண்டாவது சொல்லில் லத்தீன் எழுத்துகள் 16. கிளிப்டோஸ்ட்ரோபஸ் என்பது வேறொரு சீன ஊசியிலை மரத்தின் பேரினப் பெயர். 'ஓயிடீஸ்' என்றால் 'போன்றது'. அந்த மரத்தை ஒத்தது என்பதே மொத்தப் பொருள்.

ஆனால் பொருள் பிரியும் இடத்தில் வாய் பிரிப்பதில்லை. கிளிப்-டோ-ஸ்ட்ரோ-போ-ஈ-டீஸ் என ஆறு அசை. 'ஸ்ட்ரோப்' என்ற பகுதியின் கடைசி மெய் தன் இடத்தை விட்டு அடுத்த உயிரோடு சேர்ந்துவிடுகிறது. ஓசைக்காகச் செய்யுளில் வகையுளி செய்கிறோமே, அதே வேலை.

எந்த அசையை அழுத்துவது? ஈற்றயலில் இருப்பது நெடிலாகவோ மெய்யில் முடியும் அசையாகவோ இருந்தால் அதை அழுத்து, இல்லையென்றால் அதற்கு முந்தையதை அழுத்து என்பது லத்தீன் விதி. குறில், நெடில் பார்த்துப் பழகிய நமக்கு இது கடினமே அல்ல. இங்கே ஈற்றயலில் நெடில் 'ஈ' நிற்கிறது, அழுத்தமும் அங்கேதான். ஆங்கில மரபில் அது 'ஐ' ஆகிவிடும். அழுத்தம் இடம் மாறாது.

தகராறு 'ஓ', 'ஈ' இரண்டும் சந்திக்கும் இடத்தில். ஆங்கிலம் பேசுவோர் பலர் அவற்றை ஒட்டி, 'பாய்டீஸ்' என்று ஓர் அசையை விழுங்கிவிடுகிறார்கள். தமிழ் நாக்கோ நடுவே ஒரு யகரத்தை நுழைத்து 'போயிடீஸ்' என்கிறது. ஈகாரம் குறுகினாலும் அசைக்கணக்கு பிழைக்கிறது. எனக்கு இதுவே மேலாகப் படுகிறது.

தாவரப் பெயரிடல் விதிநூல் எழுத்துக்கூட்டலில் மகா கறார். உச்சரிப்புக்கு அது விதியே வகுக்கவில்லை. தனித்து ஒலிக்கவேண்டிய உயிரின் தலையில் இரு புள்ளி வைக்கலாம் என்ற சலுகை மட்டும் உண்டு. தாவரவியல் லத்தீனுக்கு 1966இல் பெரிய நூலே எழுதிய வில்லியம் ஸ்டெர்ன்கூட, காதுக்கு இனிமையாகவும் கேட்பவருக்குப் புரியும்படியும் இருந்தால் போதும் என்ற கட்சிதான். சீனர்களுக்கு இந்த வம்பே கிடையாது. அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஷுய்ஷான். இரண்டே அசை.